அழிக்கச் சொன்ன நான்கு முட்டைகள்

1991இல் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை மண்ணைச் சலித்தபோது, கடுகில் பாதியளவே உள்ள எட்டுக்கால் உயிரி ஒன்று கிடைத்தது. சிலந்திக்கு உறவு, ஆனால் வலை பின்னாது. என் ஆய்வுகளுக்குப் படம் வரையும் மனைவி மரகதம், நுண்ணோக்கியில் பார்த்து, அதன் வயிற்றுக்குள் மங்கலாகத் தெரிந்த நான்கு முட்டைகளையும் வரைந்தாள்.

"இது தெரிஞ்ச இனத்தோட குஞ்சு. குஞ்சுக்கு ஏது முட்டை? அழிச்சிடு," என்றேன்.

"கண்ணாடியத் தொடச்சிட்டு இன்னொரு வாட்டி பாருங்க," என்று சிரித்தாள்.

நான் பார்க்கவில்லை. அவள் அழித்தாள்.

அவள் மறைந்து சில மாதங்களுக்குப் பின் மீண்டும் அங்கே போனேன். பக்கத்து நிலத்துக்கார அம்மாள், "இன்னா சார், அம்மா வரலியா?" என்று கேட்டார். "அவ இப்ப இல்லம்மா," என்றேன். அவர் என் பையில் மண்ணை அள்ளிப் போட்டார்.

அந்த மண்ணில் கிடைத்த அதே உயிரி ஒன்றின் வயிற்றைத் திறந்தேன். நான்கு முட்டைகள். அது குஞ்சல்ல; அதன் முழு வளர்ச்சியே அவ்வளவுதான். உலகம் அறியாத புதிய இனம்.

அதற்கு அவள் பெயரையே சூட்டினேன். படத்தைப் புதிதாக வரையவில்லை. அழித்த இடத்தில் அவள் பென்சில் பதிந்திருந்த தடத்தின் மேலேயே மையிட்டேன். என் கட்டுரைகளில் நான் பெருமையோடு பிறருக்குக் காட்டுவது அந்த ஒரு பக்கத்தைத்தான்.