பள்ளத்தூரில் பீர் ஊற்றிய பன்றிக்கறி

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. போன ஆனி மாதம் சென்னைக்கு வந்திருந்த நண்பன் சிதம்பரமும் அவன் மனைவி வள்ளியும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். பேச்சுவாக்கில், "பன்றிக்கறியை பீர் ஊற்றி நான் வேகவைத்தால் எலும்பைக்கூட விடமாட்டீர்கள்" என்று சொல்லித் தொலைத்தேன். "அப்ப எங்க வீட்டுல வந்து வச்சுக் காட்டுங்கண்ணே" என்றார் வள்ளி. அவர் யார் சமையலையும் லேசில் பாராட்டாதவர். அவர் வாயிலிருந்து ஒரு 'நல்லாருக்கு' வாங்கிவிடுவது என்று அடுத்த சனிக்கிழமையே ரயில் ஏறினேன்.

காலை ஆறரைக்குக் காரைக்குடி. பன்றிக்கறி ஞாயிறு காலையில்தான் கிடைக்கும், எட்டரைக்குள் போய்விடுங்கள். விலா எலும்போடு இரண்டு விரல் தடிமனில் கேட்டேன். கடைக்காரர் பழக்கதோஷத்தில் முதல் துண்டைச் சுக்கா அளவுக்கு நறுக்கிவிட்டார். மற்றதைக் கும்பிட்டுக் காப்பாற்றினேன். கிலோ நானூறு ரூபாய். மதுக்கடை திறப்பதே பன்னிரண்டுக்கு என்பதால் அதுவரை கறி ஐஸ் பெட்டியில் என் மடியில் இருந்தது.

அங்கிருந்து சிதம்பரத்தின் ஊரான பள்ளத்தூர் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், ஆட்டோ முந்நூற்றைம்பது. பையில் பாட்டில் உரசும் சத்தம் கேட்டதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"பெரிய வீட்டுக்கா போறீக? பாட்டில முன்வாசல் வழியாக் கொண்டு போயிறாதீக, சாமி அறையத் தாண்டணும். பின்வாசல் அடுத்த தெருவுல இருக்கு, அங்குட்டு இறக்கி விடுறேன்."

பின்வாசலைத் திறந்த வள்ளிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாட்டில் இங்குட்டு வரலாம். விருந்தாளி பின்வாசல் வழியா வரலாமாண்ணே? சுத்தி வாங்க." கறியையும் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவது. உச்சி வெயிலில் முழுசாகச் சுற்றி முகப்புக்கு வந்தால், அதே வள்ளி சிரித்த முகமாக, "வாங்கண்ணே, இப்பத்தான் வாரீகளா?" என்றார்.

கறியில் உப்பு, மிளகு, பூண்டு தடவி, ஒரு பாட்டில் பீரில் ஊறப் போட்டேன். நான்கு மணிக்கு வெள்ளைப் பணியாரம் வந்தது, காரச் சட்னியோடு. பின்னாலேயே கந்தரப்பம், அதற்கும் பின்னால் சீயம். "வெறும் வயித்தோட அடுப்படியில நிக்கக் கூடாதுண்ணே." மரியாதைக்காகத் தட்டைக் காலி செய்தேன், அது மறுபடி நிறைந்தது. "காலி பண்ணாதடா, பண்ணப் பண்ண வைப்பா" என்று சிதம்பரம் சொன்னபோது காலம் கடந்திருந்தது. அவர்களும் துணைக்குச் சாப்பிட்டார்கள்.

ஆறரைக்குக் கறியைச் சிவக்க வறுத்து, வெங்காயம் வதக்கி, இரண்டாவது பாட்டிலை ஊற்றி மூடினேன். ஒரு மணி நேரத்தில் எலும்பிலிருந்து கறி கழன்று வந்தது. வாசனை முற்றம் வரை போனது. ஆனால் சாப்பிடத்தான் ஆள் இல்லை. சிதம்பரம் அரைத் துண்டோடு எழுந்துவிட்டான். வள்ளி தட்டைப் பார்த்தார், ஒரு ஏப்பம் விட்டார். "காலையில பாத்துக்கலாம்ண்ணே." சமைத்த எனக்கே ஒரு வாய் இறங்கவில்லை. உண்மையிலேயே அழுகை வந்தது. பணியாரத்தை வைத்தே என்னைத் தோற்கடித்துவிட்டார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே படுத்தேன்.

காலையில் அடுப்படிக்குப் போனால், வள்ளி கறியைச் சுடவைத்து இட்லியோடு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் எலும்புகள் குவிந்திருந்தன. சட்டியை இட்லியால் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், "சட்டி காயுறதுக்குள்ள வழிச்சாத்தான் கழுவ லேசு" என்றார். எனக்கு மிச்சம் இருந்தது இட்லி.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: செட்டிநாட்டு வீட்டில் இரவுக்குச் சமைக்கப் போனால் நாலு மணிப் பலகாரத்தின்போது எங்காவது ஒளிந்துகொள்ளுங்கள். தட்டில் எப்போதும் ஒரு பணியாரத்தை மிச்சம் வையுங்கள்.

'நல்லாருக்கு' என்று வள்ளி கடைசிவரை சொல்லவில்லை. ஆட்டோ ஏறும்போது மட்டும் முகப்புப் படி வரை வந்தார்.

"அடுத்த தடவ நாலு பாட்டிலா வாங்கியாங்கண்ணே. வெயில்ல சுத்த வேணாம், அதோடயே முன்வாசல் வழியா வாங்க. சாமிகிட்ட நாஞ் சொல்லிக்கிறேன்."