அக்காவின் நினைவு நாளில் சாம்பிராணி இல்லை

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. வீட்டுக்குள் நுழைந்ததுமே உங்களில் சிலருக்கு உறுத்தியிருக்கும். சாம்பிராணி செய்தே வாழ்ந்தவரின் படத்துக்கு முன்னால் ஓர் ஊதுபத்திகூட இல்லையே என்று. அதற்கான காரணத்தைச் சொல்லவே அவருடைய தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

அக்கா நசரத்பேட்டையில், நிலமும் மாடும் இருந்த குடும்பத்தில் பிறந்தவர். சேக்காட்டில் வாழ்க்கைப்பட்டார். மறைந்துவிட்ட மாமாவைக் குறை சொல்வது முறையல்ல. ஆனால் அக்காவுக்கு இடது காது ஏன் கேட்காமல் போனது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அக்கா குங்கிலியம் இடித்துக்கொண்டிருக்கையில் மாமா கை ஓங்கினார். அக்கா இரும்புலக்கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இன்னொரு தபா கை வச்சிப் பாரு. முட்டியப் பேத்துடுவேன்."

அதற்குப்பின் மாமா கை ஓங்கியதில்லை.

மாமா காலமானபின் திருவேற்காட்டில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்துக்கு வந்தார். பூக்கடைகளில் மீந்துபோன பன்னீர் ரோஜாவை வாங்கி உலர்த்துவார். அதன் தூளோடு வறட்டித் தூள், சாம்பிராணி, குங்கிலியம், வெட்டிவேர் சேர்த்து, நெய்விட்டுப் பிசைந்து, சின்னக் கிண்ணங்களாக அச்சில் அழுத்துவார். வெயிலில் வைத்தால் வாசனை ஓடிவிடும் என்பதால் எல்லாம் வாசல் நிழலில்தான் காயும்.

"உங்க சாம்பிராணி போட்டா கொசு மட்டுமில்லக்கா, ஊட்டுக்காரரும் ஓடிடறாரு" என்பார் எதிர்வீட்டுப் பெண்.

"அப்ப ரெண்டா வாங்கிக்கினு போ, திரும்பி வரமாட்டாரு" என்பார் அக்கா.

அந்த வெள்ளிக்கிழமை மாலை யாரோ கேட்டைத் திறந்து போட்டுப் போயிருந்தார்கள். பால் கறந்தபின் தெருவில் அவிழ்த்துவிடப்படும் பசு ஒன்று உள்ளே வந்து, தட்டில் காய்ந்த ரோஜா இதழ்களைத் தின்னத் தொடங்கியது. அங்கே விளையாடிக்கொண்டிருந்த என் எட்டு வயது மகள் தட்டைப் பிடித்து இழுத்தாள். பசு அவளைத் தலையால் தூக்கிச் சுவரில் அடித்தது. விழுந்தவளை விடாமல் சுவரோடு வைத்து நெரித்தது. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த நான் என் குழந்தையின் எலும்பு முறிந்த சத்தத்தைக் கேட்டேன்.

எனக்கு முன்னால் அக்கா வந்துவிட்டார். சாமி அறையில் புகை போட்டுக்கொண்டிருந்தவர், தூபக்காலோடு ஓடிவந்து, சாம்பிராணி புகையும் தணல் அத்தனையையும் பசுவின் முகத்தில் வீசினார். அது கதறிக்கொண்டு மகளை விட்டது. அக்கா மேல் திரும்பியது. கொம்பு விலாவுக்குக் கீழே இறங்கியது. தூக்கி எறிந்தது, விழுந்தவரை மறுபடியும் குத்தியது, முன்னங்கால்களை மடித்து அவர் மார்பின் மேல் அழுத்தியது. நான் செங்கல்லால் அடித்தேன். எதிர்வீட்டுப் பெண் கடப்பாரையோடு வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து வாலை முறுக்கி இழுத்தார். வாசல் முழுக்க ரத்தத்தில் ரோஜா இதழ்கள் ஒட்டிக் கிடந்தன.

ஆட்டோவில் என் மடியில் கிடந்த அக்கா, "கொழந்தைக்கு இன்னாடா ஆச்சி?" என்றார். கை எலும்புதான், உயிருக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"மாட்டுக்கே வெள்ளிக்கெழம சாம்பிராணி போட்டுட்டேன், பாத்தியா" என்றார். அதன்பின் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

மருத்துவமனைக்கு மாட்டுக்காரர் வந்தார். குரலை உயர்த்திக்கூடப் பேசாத என் மனைவி, செருப்பைக் கழற்றி அவர் முகத்தில் மாறி மாறி அடித்தாள். "அடிங்கக்கா. நானும் புள்ள பெத்தவந்தான்" என்று நின்றார் அவர். அவளை நாங்கள்தான் இழுத்துப் பிடித்தோம்.

காரியத்தன்று இன்னொன்று நடந்தது. உறவில் மூத்த ஒருவர், கையில் கட்டுடன் இருந்த என் மகளை வாசலுக்குக் கூட்டிப்போய் அதே இடத்தில் நிறுத்தினார்.

"எங்க நின்ன, காட்டு. சும்மா வந்த மாடு முட்டுமா? நீ அந்த மாட்ட இன்னா பண்ண?"

"தட்ட இழுத்தேன்" என்றாள்.

"அதான பாத்தேன்" என்றார் அவர்.

உள்ளே அக்கா படத்துக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் என் மகளின் உடம்பு விறைத்தது. நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து எந்த வீட்டில் சாம்பிராணி வாசம் வந்தாலும் இதே கதிதான். அவள் வாசலுக்கு வருவதில்லை. இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்துபோய் கேட் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஆட்டோவில் கொண்டுசேர்த்த, பெயர்கூடச் சொல்லாமல் போன அந்த ஓட்டுநருக்கும், கடப்பாரையோடு வந்த எதிர்வீட்டுச் சகோதரிக்கும், ரத்தம் கொடுத்த தெருப்பிள்ளைகளுக்கும், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

வந்திருக்கும் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் மகள் தட்டை இழுத்தாள், உண்மைதான். அத்தையின் பூவை மாடு தின்றால் எந்தக் குழந்தையும் அதைத்தான் செய்யும். நடந்ததெல்லாம் மேலே எழுதிவிட்டேன். இன்னும் ஏதாவது தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன். அவள் மாடியில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறவர்கள், மாலையோடு ஊதுபத்தி வாங்கி வந்திருந்தால், தயவுசெய்து அதைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.