வார்னிஷ் மணத்த தேயிலை

வார்னிஷ் காயாத நாற்காலியைத் தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடிக்குத் தூக்கிப் போகச் சொன்னவன் நான் இல்லை. இதை அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் கை நடுங்கும் வயதில் உட்கார்ந்து எழுதுகிறேன். மரவேலைக்கு வரும் பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆசாரி. என் மனைவி முத்தம்மா மலையில் கொழுந்து எடுத்தாள். எங்களுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பரா, ஒரே அறை. என் வேலை போனால் அவள் வேலையும் போகும், காம்பராவும் போகும். தேயிலை விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது.

தோட்டத்தை நடத்திய எங்கள் வெள்ளைக்காரத் துரைக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. மாட்டு வைத்தியம் முதல் மண்வெட்டிப் பிடி வரை எல்லாவற்றையும் அவரே சொல்லிக்கொடுப்பார். கம்பெனி சார்பில் தோட்டங்களைச் சோதிக்க வரும் வீ.ஏ. துரைக்கு இடுப்பு வலி, ஆடும் நாற்காலியில்தான் உட்காருவார் என்று யாரோ எங்கள் துரை காதில் போட்டுவிட்டார்கள். உடனே என்னைக் கூப்பிட்டார்.

"ஆசாரி, ஆட்டம் போடுற நாற்காலி வேணும். மூணு வாரத்துல வேணும்."

"மழைக் காலமுங்க தொரை. வார்னிசு காயாதுங்களே."

"நீ வாய் மூடு. வேலை செய்."

நம் தமிழில் துரைமார் முதலில் படித்து வைத்துக்கொள்வது இந்த இரண்டு வாக்கியங்களைத்தான்.

செய்தேன். நன்றாக உலர்ந்த பலா மரம். ஆடுகிற வளைகால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி இழைத்தேன். ஒன்றில் மயிரிழை கூடினாலும் நாற்காலி ஆட ஆட நகர்ந்துபோய்ச் சுவரில் முட்டும். பங்களாவில் கொழும்பிலிருந்து வந்த நாற்காலி ஒன்று தினமும் அப்படி நடைபோகும். அதன் விலையைச் சொல்லித் துரை பெருமைப்படுவார். என் நாற்காலி எவ்வளவு ஆடினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிரம்பும் நானே பின்னினேன்.

வார்னிஷ் மட்டும் காயவில்லை. நாலு நாளாக மூடுபனி. வீ.ஏ. துரை வர ஐந்து நாள் இருக்கும்போது எங்கள் துரை பட்டறைக்கு வந்து விரலை வைத்தார். ரேகை பதிந்தது.

"மாடிக்குக் கொண்டு போ. அங்க காத்து சூடு. காயும்."

மழையில் கொழுந்து வாடுவதற்காகத் தொழிற்சாலை மாடிக்குச் சூட்டுக்காற்று விடுவார்கள். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்பது கொழுந்துக்கூடை சுமக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். துரைக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அவர் பக்கத்தில்தான் நின்றார். தலையில் பூ வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறிய பெண்ணைப் படியிலேயே விரட்டிய மனுஷன். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நல்ல யோசனைங்க தொரை" என்றார். துரை போனதும் என் பக்கம் திரும்பி, "ஆசாரி, நான் ஒண்ணும் பாக்கல, தெரிஞ்சுதா?" என்றார்.

நாற்காலி இரண்டு நாள் கொழுந்துக்கு நடுவில் கிடந்து காய்ந்தது. அந்த மட்டில் துரையின் யோசனை பலித்தது.

வீ.ஏ. துரை வந்தார். பங்களா விராந்தையில் என் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு ஆட்டம் ஆடிக் கண்ணை மூடினார். நான் படி ஓரம் நின்றேன், உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் துரை பெருமைக்காக, அந்த வாரம் அரைத்த தேயிலையிலேயே தேநீர் போடச் சொல்லியிருந்தார். வீ.ஏ. துரை ஒரு வாய் குடித்தார். ஆட்டம் நின்றது. கோப்பையை முகர்ந்து பார்த்தார்.

புது நாற்காலியின் வாசனை என்று எங்கள் துரை இங்கிலீஷில் சமாளித்தார். வீ.ஏ. துரை எழுந்து, கோப்பையோடு புல்வெளியின் அந்தக் கோடிக்கு நடந்தார். அங்கே இன்னொரு வாய் குடித்துத் துப்பினார். பிறகு நேராகத் தொழிற்சாலைக்குப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். தேயிலைக் குவியலில் கையை விட்டு அள்ளி முகர்ந்தார். இரண்டு நாள் தேயிலை முழுக்க வார்னிஷ். மாடிக்கும் ஏறிப் பார்த்தார், நாற்காலி நின்ற இடத்தில் வார்னிஷ் கறை இருந்தது.

"யாரு மாடியில நாற்காலி வைச்சது?"

எங்கள் துரை என்னைக் காட்டினார். "இந்த ஆசாரி. என்னைக் கேக்காம வைச்சான்."

வீ.ஏ. துரை என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. அது நெசமா?"

கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் அதுவரை எந்தத் துரையும் என் பதிலுக்காக அப்படி நின்றதில்லை. எங்கள் துரைக்கு உதடு வெளுத்திருந்தது. பயந்து போனவரைக் காப்பாற்றினால் அவர் நம்மைக் காப்பாற்றுவார் என்று அந்த நொடியில் ஒரு கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஆமாங்க தொரை. நான்தான் வச்சேன். புத்தியில்லாம செஞ்சிட்டேனுங்க."

டீமேக்கர் ஐயாவுக்கு அப்போதுதான் வாய் வந்தது. "நான் அப்பவே வேணாம்னு சொன்னேனுங்க!"

மூன்றாம் நாள் எனக்குப் பத்துச்சீட்டு வந்தது. வேலை இல்லை, மறுநாளைக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். பங்களாவுக்கு ஓடினேன். துரை விராந்தையில் ஆடிக்கொண்டிருந்தார்.

"தொரை, நீங்க சொல்லித்தானுங்களே வச்சேன்."

"நீதான் வைச்சேன்னு நீயே சொன்னே. வீ.ஏ. துரையும் காதால கேட்டார்." ஆட்டத்தைக்கூட நிறுத்தவில்லை.

முத்தம்மா சாமான் கட்டிக்கொண்டே கேட்டாள்: "தொரை பொய் சொன்னாரு, அது அவரு பொழப்புக்கு. நீங்க எதுக்குங்க சொன்னீங்க?"

பிறகு ஹட்டன் பஜாரில் பட்டறை போட்டு முப்பது வருடம் ஓட்டினேன். துரையையும் டீமேக்கரையும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஏசினேன், நான் ஆமாம் போட்டதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. தொழில் பழகுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒருவர் நின்று கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். சொல்லியிருந்தாலும் எனக்கு வேலை போயிருக்கும், தெரியும். ஆனால் அன்றைக்கு முத்தம்மா போட்ட சோற்றை அவள் முகத்தைப் பார்த்துத் தின்றிருப்பேன்.