துரைசாணியின் பேய்ப் பெட்டி

நாங்கள் மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் அப்பா, தலையில் பாய்ச் சுருட்டும் கையில் மண்ணெண்ணெய் அடுப்புமாக. நடுவில் அம்மா, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு. கடைசியில் நான், பாத்திரங்களைப் போட்டுக் கட்டிய கோணிப்பையோடு. தேயிலைக் காட்டுச் சாலை முந்தைய நாள் மழையில் குழைந்து கிடந்தது. சரிவில் அம்மாவின் செருப்பு வழுக்கும்போதெல்லாம் அப்பா நின்று திரும்பிப் பார்ப்பார். அம்மா கால் ஊன்றியதும், விட்ட இடத்திலிருந்து ஏச்சைத் தொடர்வாள். பிறகு எத்தனையோ ஊர்களை விட்டு மூட்டையோடு நடந்திருக்கிறேன். அது முதல் தடவை. எனக்கு ஒன்பது வயது.

அம்மா ஏசியது அவளுக்குத் தெரிந்தவரையில் நியாயம்தான். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். மாதம் நிறைந்த வயிற்றோடு அவள் வீடில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். அதற்கு முந்தைய பிரசவத்தில் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், கொண்டுபோன துணிப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவள். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் அந்த வருஷம் வேறு பேச்சில்லை. இருந்தும் நடக்க வேண்டியதாயிற்று. ஒரு தகரப் பெட்டிதான் காரணம். பெட்டிக்குள் இருந்தவை துரைசாணியின் பேய்கள்.

துரைசாணி என்றால் எங்கள் தோட்டத்து மேனேஜர் துரையின் மனைவி. ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசியில் பங்களாவில் ஒரு விருந்து வைப்பாள். மற்றத் தோட்டத்துத் துரைமார்கள் குடும்பத்தோடு காரில் வந்து இறங்குவார்கள். அன்றைக்கு வாசலில் காகித எலும்புக்கூடு தொங்கும். விருந்தாளிகள் ரப்பர் முகங்களை மாட்டிக்கொள்வார்கள், கூம்புத் தொப்பி வைத்துக்கொள்வார்கள். பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். பூசணியில் முகம் எழுதுவது எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால் நாங்கள் கண்ணேறு கழியத் தெருவில் போட்டு உடைப்போம். அவர்கள் உடைக்காமல் விளக்கேற்றி உபசரித்தது லயத்தில் வெகுநாள் பேச்சாக இருந்தது.

பேச்சுக்கு விஷயம் கொண்டுவருகிறவர் மாமா. அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தாள். எனக்கு முன்னால் அவள் வளர்த்த பிள்ளை அவர். பங்களாவில் பரிமாறும் வேலை, வெள்ளைச் சட்டை, காலில் முகம் தெரிகிற தோல் சப்பாத்து. லயத்தில் அம்மா நிமிர்ந்து நடப்பதற்கு அந்தச் சப்பாத்து ஒரு காரணம். பேய் விருந்தைப் பற்றி அவர் இப்படித்தான் விளக்கினார்.

"அவுங்க ஊர்ல பேய்க்கும் வருசத்துல ஒரு நாளு பெருநா இருக்குலா அக்கா. மத்த நாளெல்லாம் அதுவும் நம்மள மாதிரி வேலைக்குப் போவணும்."

விருந்து ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் அந்தச் சாமான்களைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். அந்த மலையில் அது லேசுப்பட்ட காரியமில்லை. போடாமல் வைத்த செருப்பில் பச்சையாகப் பூஞ்சை பூக்கும். தீப்பெட்டியைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும். முதல் வருஷம் துரைசாணி பேய்களைப் பங்களாவின் சாமான் அறையிலேயே வைத்தாள். அடுத்த அக்டோபரில் திறந்தபோது ரப்பர் முகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தபோது ஒன்றின் மூக்கு மற்றொன்றோடு போய்விட்டது. எலும்புக்கூடு ஊறிய அப்பளம்போல் இருந்தது. எல்லாம் அவள் ஊரிலிருந்து கப்பலில் வந்தவை. துரைசாணி படியில் உட்கார்ந்து அழுதாள் என்று மாமா சொன்னார். புதிதாக வரவழைத்த பிறகு, காய்ந்த இடமாகப் பார்த்து வைக்கும் பொறுப்பை மாமாவிடம் கொடுத்துவிட்டாள்.

மாமா முதலில் போனது கோயிலுக்கு. எங்கள் மாரியம்மன் கோயில் பரணில் காவடியும் தோரணமும் காகிதக் கிரீடமும் திருவிழாவுக்குத் திருவிழா பூஞ்சை பிடிக்காமல் கிடக்கும். விளக்குச் சூடும் சாம்பிராணிப் புகையும் அவற்றைக் காப்பாற்றின. அதே பரணில் ஓர் ஓரம் கேட்டார் மாமா. பூசாரி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"ஒங்க தொரசாணி பேய எங்க ஆத்தா காவ காக்கணுமா? ஆத்தா சம்பளம் கேட்டா யாருடா குடுக்குறது?"

அதன் பிறகு பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. விறகடுப்புக்கு மேலே இருந்த பரண் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். விதை மொச்சை, கருவாடு, மழைக்கால விறகு எல்லாம் அங்கேதான். பெட்டிக்குள் இருப்பது துரையின் கம்பளிச் சட்டைகள் என்று மாமா அம்மாவிடம் சொல்லிவைத்தார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தால் பேச்சோடு பேச்சாகப் பரணைக் காட்டுவாள். அந்த வருஷம்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய் வெறும் பையோடு திரும்பியது.

அக்டோபரில் மாமா வந்து, முற்றத்தில் பெட்டியை இறக்கி, சரிபார்ப்பதற்காகத் திறந்தார். கண்ணில்லாத முகங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு மேலே கிடந்தன. அம்மா கையில் முறத்தோடு வாசலில் நின்றிருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் கோரமான முகத்தைப் பார்க்கக்கூடாது என்பார்கள். பிள்ளை வயிற்றில் இருந்த அத்தனை மாதமும் அவள் அவற்றுக்கு அடியில் சமைத்து, அடியில் உறங்கியிருந்தாள். பிள்ளை தங்காததற்கு அதுதான் காரணம் என்று லயத்துப் பெண்கள் பேசினார்கள். அம்மா தம்பியை ஒரு வார்த்தை ஏசவில்லை.

"இனிமே இது என் கூரைக்குக் கீழ வரக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த விருந்து முடிந்த சமயத்தில் அம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். மாமாவுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பங்களா வேலைக்காகவே பெண் வீட்டார் சம்மதித்திருந்தார்கள். துரைசாணியோ, சாமானெல்லாம் அடுப்புப் புகை நாற்றம் அடிக்கிறது, இனி பூச்சி அரிக்காமல் பாச்சை உருண்டை போட்டு வை, இந்த முறையும் பாழாக்கினால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டாள். மாமா பெட்டியோடு எங்கள் வாசலுக்கு வந்தார், உள்ளே வரவில்லை. அப்பா அவரையும் பெட்டியையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

அப்பா தேயிலை பேக்டரியில் அடுப்புக்காரர். இலையைக் காயவைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு போட்டு, சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்த மலையிலேயே காய்ந்த இடம் அந்த அடுப்புச் சுவருக்குப் பின்னால் இருந்த அறைதான். காய்ந்த தூளைக் கொட்டிவைத்துப் பெட்டி கட்டுகிற அறை. ஆனால் அங்கே வாசனையுள்ள எதுவும் போகக்கூடாது. தேயிலைத் தூள் பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பெண்கள் பூ வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போக முடியாது. நான் அப்பாவுக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டையும் கேட்டிலேயே நின்றுதான் கொடுக்க வேண்டும். ஒருநாள் பையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு அடுப்பு வரை போய்விட்டதற்கு அப்பாவிடம் அறை வாங்கியிருக்கிறேன்.

அவ்வளவு தெரிந்தவர் பாச்சை உருண்டை போட்ட பெட்டியை அங்கே கொண்டுபோனார். தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஒட்டுகிற ஈயத்தாள் மிச்சம் கிடக்கும். வெளி வாசனை தூளுக்குப் போகாமல் தடுக்கிற தாள் அது. அப்பா கேட்டுக்கு வெளியிலேயே வைத்து அந்தத் தாளைத் தகரப் பெட்டியின் மேல் சுற்றிச் சுற்றி, மடிப்பெல்லாம் பசை தடவி ஒட்டினார். பிறகு மூக்கை வைத்து எல்லாப் பக்கமும் முகர்ந்து பார்த்தார். என்னையும் முகரச் சொன்னார். ஒரு வாசனையும் வரவில்லை. அதற்கப்புறம்தான் சுவரோரப் பலகையில் ஏற்றினார். மாதக்கணக்கில் அது அங்கே இருந்தது. தூளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு துரையின் சின்ன மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. அன்று நான் சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா விறகுக் கொட்டடியில் இருந்தார். பெட்டி கட்டுகிற அறையின் பக்கவாட்டுக் கதவிலிருந்து மாமா வெளியே வந்தார். கக்கத்தில் கறுப்புக் கூம்புத் தொப்பி. என்னைக் கண்டதும் அதை எடுத்துத் தலையில் வைத்து, பல்லைக் காட்டி, ஒற்றைக் காலில் ஒரு குதி குதித்துவிட்டுப் பங்களாப் பாதையில் ஓடினார். நான் சிரித்தேன். அப்பாவிடம் சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. துரைசாணி கேட்டிருப்பாள், மாமா அவசரத்தில் தாளைக் கிழித்துத் திறந்திருப்பார். திரும்ப ஒட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் பங்களா ஆள்.

வெளியூருக்குப் போன தூள் திரும்பி வந்தது. அதற்குள் இங்கேயே தூளின் தரம் பார்க்கிற டீமேக்கர் காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து ருசி பார்த்தபோது பாச்சை உருண்டை வாடையில் ஒவ்வொன்றையும் துப்பினார். துரையை வரவழைத்துக் குடிக்கச் சொன்னார். துரையும் துப்பினார்.

பெட்டியைக் கேட்டுக்கு அருகே தூக்கிவந்து வைத்தார்கள். அப்போதும் நான் சாப்பாட்டோடு அங்கேதான் நின்றிருந்தேன். பங்களாவிலிருந்து மாமாவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஈயத்தாள் கிழிந்து தொங்கியது. மூடியைத் தூக்கியதும் பாச்சை உருண்டை வாசனை கேட்டு வரைக்கும் வந்தது. அப்பா குனிந்து உள்ளே பார்த்தார். முகங்கள் இருந்தன, எலும்புக்கூடு இருந்தது, தொப்பி இல்லை. அவர் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் இதை இங்கே வைத்தது என்று துரை கேட்டதை, கணக்கெழுதும் கிராணி தமிழில் கேட்டார்.

"நாந்தாங்க."

"தாளக் கிழிச்சுத் தெறந்தது?"

"அதுவும் நாந்தாங்க."

"மாமாதானே..." என்று நான் தொடங்கியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். அறைந்த நாளில்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. துரை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தொப்பியைப் பிறந்தநாளன்று தன் மகள் தலையில் பார்த்தவர் அவர். பெட்டியைப் பங்களாவுக்குத் தூக்கிப்போகச் சொல்லிவிட்டு, அப்பாவை லயத்து வீட்டுச் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

நாங்கள் கிளம்பிய காலையில் மாமா தோட்டத்து எல்லையில் காத்திருந்தார். பங்களா ரொட்டி இரண்டைத் துணியில் சுற்றி அம்மாவிடம் நீட்டினார். அம்மா அவர் கன்னத்தைத் தடவினாள். இந்த மனுசன் செய்த காரியத்தால் உனக்கும் கெட்ட பேராகிவிட்டதே என்று தம்பிக்காக அழுதாள். மாமா வாயைத் திறக்கப் போனார். அப்பா முந்திக்கொண்டார்.

"கல்யாணத் தேதிய மாத்தாத மாப்ள. நாங்க எங்க இருந்தாலும் வந்துருவோம்."

அதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன நடை. வழி நெடுக அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள். மூக்கு இல்லையா உங்களுக்கு, மூடி வைத்ததை ஏன் திறந்தீர்கள், வயிற்றுப் பிள்ளையை நினைத்தீர்களா. அப்பா பாய்ச் சுருட்டைத் தலையில் சரிசெய்துகொண்டு நடந்தார். ஒரு திருப்பத்தில் அம்மா கல்லில் உட்கார்ந்து இளைப்பாறியபோது நான் அப்பாவிடம் போய், சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் பாக்கல" என்றார். குரலில் கோபம் இல்லை.

வெயில் சாய்வதற்குள் லெம்பா பெர்த்தாம் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். அணைக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் காய்கறித் தோட்டம். அப்பாவுக்கு லேசாகப் பழக்கமான ஒரு தமிழ்க் குடும்பம் உரம் வைக்கும் கொட்டகையில் எங்களைப் படுக்கவைத்தது. விடிந்ததும் தோட்டத்துச் சீன முதலாளி, தவுக்கே, வந்து, என்ன வேலை தெரியும் என்று மலாயில் கேட்டார். எந்த வேலையும் செய்வேன் என்றார் அப்பா. பேக்டரி அடுப்பைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. தவுக்கே தலையாட்டினார்.

அந்த வீட்டுக்காரம்மாள் அம்மாவுக்குக் கோப்பி கொடுத்துவிட்டு, மலையில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். வந்ததிலிருந்து தலை குனிந்தே இருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"என் தம்பி இருக்கான்லா. தொர பங்களாவுல வேலை. தங்கமான புள்ள, ஒரு சொல்லு கெட்டவன்னு யாரும் சொல்ல முடியாது. எங்க ஆளுதான் கையச் சும்மா வச்சுக்கத் தெரியாம வேலையத் தொலைச்சிட்டு வந்து நிக்கிறாரு."

கொட்டகை வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்த அப்பா இதைக் கேட்டார். "ஆமாலா, என் தப்புதான்" என்று சொல்லிச் சிரித்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். பெரியவர்கள் ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அவர்களுக்கே அது நிஜமாகிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மலையிறங்கிய பிறகு அப்போதுதான் முதல் தடவையாக ஒரு வாய் கோப்பி குடித்தாள்.

தவுக்கே கூப்பிட்டார். அப்பா கோழிச்சாண மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு முட்டைக்கோஸ் பாத்திகளுக்குள் இறங்கினார்.