நடக்கும் முன்பே நடந்துவிட்ட கிராம சபை

எங்கள் உத்திரமேரூரிலிருந்து மாதம் இருமுறை ஒன்று அச்சாகி வருகிறது. அதைப் பத்திரிகை என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. முகப்பில் பெருமையாகக் குடவோலைப் பானை. உள்ளே முழுக்கக் காதணி விழாவும் பிரமுகர்களின் பிறந்தநாள் வாழ்த்தும். ஆசிரியர் என்று சொல்லிக்கொள்பவர் என் ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேருந்து நிலையம் வரை நடந்துபோய் ஒரு சேதி விசாரித்து வந்தார் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன்.

விழா முடிந்து எழுதினால் இதழ் பிந்திவிடுமாம். அதனால் அழைப்பிதழை வைத்துக்கொண்டு முன்கூட்டியே ‘வெகு விமரிசையாக நடைபெற்றது’ என்று அச்சுக்கு அனுப்பிவிடுவார். மழையில் நிலையை விட்டு நகராத தேரைக்கூட நான்கு வீதியும் ஓடவிட்ட மகானுபாவர். ஊரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் படித்தது. வெட்கம் கெட்ட ஊர்.

என் கிராமம் சாலவாக்கம் பக்கம். அங்கே காலனிக்காரர்களுக்குச் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் பிணத்தை வயல் சேற்றில் இறங்கித்தான் தூக்கிப் போகவேண்டும். அப்படிப் போகும்போது, நடவு வேலை செய்யும் ஓர் அம்மாவின் மாமியார் பிணம் பாடையோடு சரிந்து சேற்றில் விழுந்தது. கிராம சபையில் எழுந்து பாதை கேட்டே தீருவது என்று அந்த அம்மா முடிவு செய்தார். நேரில் வந்து பார்த்து எழுதும்படி பின்னறைக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எழுதி முடித்தார்.

சபை கூடிய காலையில் இதழ் எல்லார் கையிலும் இருந்தது. ‘பாதைக்கு ஒப்புதல், தலைவருக்குக் காலனிப் பெண் கண்ணீர் மல்க நன்றி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த அம்மா எழுந்து வாயைத் திறந்ததும் ஊராட்சித் தலைவர் இதழைத் தூக்கிக் காட்டினார்.

“அதான் நன்றியெல்லாம் சொல்லிக்கீறியே, இன்னும் இன்னா?”

சபை சிரித்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுத் தெருவிளக்கு விஷயத்துக்குப் போய்விட்டார்கள். பாதைக்கு ஒப்புதலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மறுநாள் அந்த அம்மா கடைக்கு வந்தார். கோபப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. பின்னறைக்காரரோ அடுத்த இதழில் திருத்தம் போடுவதாகச் சொல்லி, படம் பிடிக்கவேண்டும், கொஞ்சம் சிரித்த முகமாக நில்லும்மா என்றார். தூ, இவனும் ஒரு மனுஷன்.

“நான் பேசறதுக்கு முன்னாடியே நான் பேசினத எழுதிட்டீங்க,” என்றார் அந்த அம்மா. “நான் செத்தா எந்த வழியா தூக்கினு போவாங்கோன்னும் இப்பவே எழுதிடுங்க சார்.”

பின்னறைக்காரர் பேனாவைத் திறந்து, வயசு என்ன என்று கேட்டார்.