பல்லில் வைத்த இரும்பு

கடல்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பியின் வாசனை வந்தாலே, திருவொற்றியூர் குப்பத்தில் அலை கொண்டுபோன எங்கள் பஜனைக் கொட்டகையும், அங்கே வெள்ளிதோறும் நான் அப்பாவின் மோர்சிங்கை முன்பல்லில் அழுத்தி, அதன் நடுத்தகட்டை விரலால் சுண்டி, மூச்சாலேயே தாளத்துக்குச் சொல் கொடுத்ததும் நினைவில் எழுந்து, நாக்கில் உப்பும் இரும்புமாக ஊறும்.

“பொட்டப்புள்ளைக்கு இன்னாமே இது? பல்லு கொட்டிப்போனா எவன் கட்டிக்குவான்?” என்பார் டோலக் அடிக்கும் மாமா.

“அம்மனே கேட்டுகினு கீறா. நீ டோலக்கப் பாரு மாமா” என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாகச் சுண்டுவேன்.

கொட்டகையை விழுங்கிய அதே கடலுக்கு எதிரில், என்னைக் கட்டிக்கொண்டவர் பக்கத்தில் தாளம் போட, ஒரு பல்லும் அசையாமல், இந்த வெள்ளிக்கிழமையும் தடுப்புக் கல்மேல் உட்கார்ந்து அம்மனுக்கு வாசித்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.