ஹோசியத் வீட்டு வைஃபைக்கு ஒரு விருந்தறை

ஹோசியத்துக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், பூட்டுவாள். மாமியாரோடு சண்டை என்றால் சர்க்கரை டப்பாவைப் பூட்டுவாள். லாரி ஓட்டும் புருஷன் சொன்ன நாளில் வரவில்லை என்றால் அவன் மெத்தை இருக்கும் பெட்டியைப் பூட்டுவாள். அந்த வசந்தத்தில் அவள் பூட்டியது வைஃபையை.

மர்கிலான் ஊர்ப் பட்டுத் துணியை ஃபோனில் நேரலையாகக் காட்டி விற்பதுதான் அவள் பிழைப்பு. சாயங்காலமானால் துணியை விரித்துப் பிடித்து விலை சொல்லுவாள். அதே நேரத்தில் தெருப் பிள்ளைகள் அத்தனையும் அவள் சுவரோரம் உட்கார்ந்து, அவள் வைஃபையைப் பிடித்து ஃபோனில் கார்ப் பந்தயம் ஓட்டும். படம் அப்படியே உறைந்துபோகும், அவள் வாய் திறந்தபடி.

"அக்கா, விலை சொல்றீங்களா, கொட்டாவி விடுறீங்களா?" என்று பார்த்துக்கொண்டிருந்த தாஷ்கந்துக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்புதான் ஹோசியத்தைக் குத்தியது.

சுவரில் இருந்த வெள்ளை வைஃபைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தை ஃபோனில் திறந்தாள். முதலில் வைஃபை அலையின் சேனலை மாற்றினாள். கொஞ்சம் தேவலை என்று ஆனது, அவ்வளவுதான். பிறகு யாரும் போகாத உள்பக்கம் வரை போய், வைஃபையின் பெயரை மறைத்தாள். தன் வீட்டு ஃபோன்களைத் தவிர வேறெதையும் சேர்க்காதே என்று கட்டளை போட்டாள். தெரு கப்சிப் என்றானது. அன்றைக்குப் பட்டு நன்றாகவே விற்றது.

மறுநாள் காலை ஒருவரும் அவளுக்கு சலாம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மகள் மஹ்லியோவுக்குக் கல்யாணம். விடியற்காலையில் தெரு ஆண்கள் எல்லோருக்கும் புலாவ் போட்டாக வேண்டும். அந்தத் தெருவில், புலாவ் சமைக்கும் துர்குன் அண்ணனின் பெரிய கொப்பரை வராமல் கல்யாணம் நடந்ததில்லை. ஹோசியத் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் கொப்பரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"என் கொப்பரை சாத்தின வீட்டுக்கு வராது, தங்கச்சி."

"சாத்தலையே அண்ணே! வாசல் திறந்துதானே கெடக்கு?"

"வாசல் கெடக்கு. பேரையே ஒளிச்சு வெச்சிருக்கியே! ரஷ்யாவுல, கஸான்ல இருக்கிற பேத்தி முகத்தைப் பாக்கலாம்னு உக்காந்தேன். ஃபோன்ல உன் வீட்டுப் பேரே காணோம். வீட்டோட காலி பண்ணிட்டுப் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"பசங்க கார் ஓட்டறதுக்கு என் பொழப்பு நிக்கணுமா?"

"பசங்களைத் திட்டு, காதைத் திருகு. என்னை ஏன் வெளியே தள்ளின?"

திரும்பி வந்தாள். கொப்பரை வராவிட்டால் சம்பந்திகள் முன்னால் மகள் தலை குனிய வேண்டும். ஆனாலும் திறந்துவிட மனசு வரவில்லை, பிடிவாதக்காரியாயிற்றே! கோபத்தோடு கோபமாக, கல்யாணத்துக்காக விருந்தறையைப் பெருக்கப் போனாள். வீட்டிலேயே நல்ல அறை அதுதான். வந்தவர் அங்கே மெத்தையில் சாய்வார், டீ குடிப்பார். பட்டு வைத்திருக்கும் அறைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

துடைப்பம் பாதியில் நின்றது. விருந்தாளிக்கென்று தனி வைஃபை இணைப்பு ஒன்று பெட்டி அமைப்பின் அந்த உள்பக்கத்தில் இருந்ததே! ஹோட்டல்காரர்களுக்கு என்று நினைத்து அவள்தான் தாண்டிப் போனாள்.

உட்கார்ந்து அதைத் திறந்தாள். வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தாள்: முகம் பார்க்கலாம், கார் பந்தயம் நடக்காது. பெயர் கேட்டதற்கு, 'வாங்க, டீ இருக்கு' என்று போட்டாள்.

சாயங்காலம் பிள்ளைகள் வந்து அழுதன. "அத்தே, காரு கழுதை மாதிரி போகுது!"

"விருந்தாளி உக்காரணும்டா, ஓடக் கூடாது."

துர்குன் அண்ணன் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை விடியுமுன் முற்றத்தில் கொப்பரை இறங்கும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். புலாவ் வெந்த வாசனை வந்ததும் ஹோசியத் எட்டிப் பார்த்தாள். கேரட் கூடைமேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, பேத்திக்குப் புலாவைக் காட்டிக்கொண்டிருந்தார். பந்திக்கு வந்த ஆண்கள் எல்லோரும் ஃபோனை எடுக்கவே பேத்தியின் ஃபோனில் அவர் படம் உறைந்தது. வாய் திறந்தபடி.

"தாத்தா, கொட்டாவியா?" என்றது கஸான் குரல்.

ஹோசியத் தலைத்துணியின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி, விருந்தாளிகளின் வேகத்தை ஒரு படி ஏற்றினாள். கல்யாணத்தன்றைக்கு மட்டும்தான் என்றாள்.

மஹ்லியோவுக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. அந்த வேகம் இன்னும் இறங்கவில்லை.